பட்டாளத்துக்காரர் திருத்திய ஆறு மா

எங்கள் ஊரின் கிழக்கெல்லையில், திருக்கடையூரிலிருந்து கடலுக்குப் போகும் சாலைக்குத் தெற்கே, ஒரு வடிகால் ஓடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஊர்ப் பயிர் அழுகாமல் காப்பாற்றுவது அதுதான். அதற்குப் பண்ணை வடிகால் என்று பெயர். பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதை வாட்டம் பார்த்து வெட்ட வைத்தவர் என் அப்பாவின் தாத்தா. பண்ணை வீட்டார் யாரும் அதிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துக் கரையில் கொட்டியதில்லை. அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எழுபது வயதுக்கு மேலாகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் தாத்தா சேரியில் பிறந்தவர். பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், பதினேழு பதினெட்டு வயதில் ஒருநாள் மாடுகளைக் கொட்டிலில் கட்டிவிட்டு நடந்தே திருச்சிராப்பள்ளிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டார். சென்னைப் பட்டாளத்தில் பள்ளம் தோண்டவும் பாலம் கட்டவும் கோட்டைச் சுவருக்கு வெடி வைக்கவும் ஒரு பிரிவு இருந்தது. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அதில்தான் இருந்தார்கள். கப்பலேறி பர்மாச் சண்டைக்குப் போனார். அங்கே ஓர் ஆற்றங்கரையில் வெடி முன்கூட்டியே வெடித்து இடது கையில் இரண்டு விரல் போயிற்று. பிறகும் சில வருடம் வேலை பார்த்து, ஓய்வு கொடுத்ததும் ஊர் திரும்பினார்.

திரும்பிய அன்று நடந்ததை அப்பா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலில் செருப்புப் போட்டவர் அவர்தான்; அதுவும் பட்டாளத்து பூட்ஸ். மேலத்தெரு வழியாக நடந்து வந்தவரைப் பண்ணை ஆட்கள் மறித்தார்கள். கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

"நான் இதப் போட்டுக்கிட்டு ராசா அரமனைக்குள்ளயே நடந்திருக்கேன்" என்றாராம்.

"அது பர்மா ராசா. இது எங்க தெரு" என்றார்களாம்.

அவர் சண்டை போடவில்லை. கழற்றவும் இல்லை. வந்த வழியே திரும்பி, வாய்க்கால் கரையோடு ஒரு கல் தூரம் சுற்றிக்கொண்டு சேரிக்குப் போனார். அதற்குப் பிறகு சாகும்வரை மேலத்தெருவில் கால் வைக்கவில்லை. இதைச் சொல்லி முடித்ததும் அப்பா சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்குச் சர்க்கார் புறம்போக்கில் நிலம் கொடுக்கும் வழக்கம் அப்போது இருந்தது. அவருக்கு ஆறு மா கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர். அதற்கு ஒரு சன்னதும் கொடுத்தார்கள். முத்திரை போட்ட பத்திரம். யாருக்கும் வேண்டாத நிலம் அது. கடல் பக்கம் சரிந்து கிடந்தது. கோடையில் உப்புப் பூக்கும், மழையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தாழம்புதரும் சப்பாத்திக்கள்ளியும்தான் அங்கே விளைந்தன. சன்னதை எழுதிக் கொடுத்த அதிகாரி அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

பட்டாளத்தில் கற்ற தொழில் அங்கே அவருக்குக் கைகொடுத்தது. கம்பு நட்டுக் கயிறு கட்டி நிலத்தின் வாட்டம் பார்த்தார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டார். நாலு புறமும் வடிகால் எடுத்தார். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் வாய்க்காலிலிருந்து திருப்பி நிறுத்தி, உப்பைக் கரைத்து வெளியே விட்டார். தழையுரத்துக்காகக் கொளுஞ்சி விதைத்துச் சேற்றில் மிதித்தார். மூன்று போகம் நட்டது நட்டபடியே கருகியது. நாலாவது போகத்தில் கதிர் வந்தது. இரண்டு விரல் இல்லாத கையால் மண்வெட்டிக் காம்பை எப்படிப் பிடித்தாராம் என்று அப்பா தான் கேள்விப்பட்டபடி எங்களுக்குச் செய்து காட்டுவார். மண்ணைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தது அவருடைய மனைவி. அந்தம்மாவைப் பற்றி எங்கள் வீட்டுக் கதையில் அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவர் வயல் விளைவதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது. ஒரு பெருவெள்ளத்தில் பண்ணை நிலமெல்லாம் பத்து நாள் மூழ்கிக் கிடந்தபோது அவர் ஆறு மாவில் மட்டும் தண்ணீர் இரண்டே நாளில் இறங்கிவிட்டது. பண்ணையாரே ஆளனுப்பிக் கேட்டார். அவர் கம்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய் வாட்டம் பார்த்துக் கொடுத்தார். சேரி ஆட்கள் வெட்டினார்கள். முதலில் சொன்னேனே, அந்த வடிகால் வந்த கதை இதுதான்.

அவர் இறந்தபோது என் தாத்தாவுக்குப் பதினாலு வயது. ஒரே பிள்ளை. நிலத்தை மறுபடி அளக்கச் சர்க்கார் ஆட்கள் வருகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. பண்ணையார் என் தாத்தாவைக் கூப்பிட்டு, "பத்திரத்தக் கொண்டாடா, தொரைகிட்டக் காட்டிப் பதிஞ்சு தர்றேன்" என்று சொல்லிச் சன்னதை வாங்கி வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவில்லை. அளவை முடிந்து கணக்கு எழுதியபோது ஆறு மாவும் பண்ணையார் பேரில் இருந்தது. "நீயே உழுதுக்க. விளைச்சல்ல பாதியக் கொண்டாந்து போட்டுடு" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னாராம். அப்பன் உப்பைக் கழுவித் திருத்திய மண்ணில் மகன் வாரக்குடியானவன் ஆனான்.

தாத்தா இதைப் பற்றிப் பேசவே மாட்டார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு தகரக் குழாய். அதற்குள் பட்டாளத்தில் கொடுத்த விடுதலைக் காகிதம் சுருட்டி வைத்திருந்தது. இங்கிலீஷில் எழுதியிருந்ததால் பண்ணையாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை போலும். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அதை வெளியே எடுத்துத் தமிழில் சொன்னேன். உயரம், மார்பளவு, காயம் பட்ட இடம், போன சண்டை எல்லாம் இருந்தன. கடைசியில், நடத்தை மிக நன்று.

"என்னது, மறுபடி சொல்லு" என்றார் அப்பா.

"நடத்தை மிக நன்று."

அன்றைக்கு மட்டும் நாலைந்து தடவை அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எங்களைப் பற்றி யாரோ ஓர் அதிகாரி காகிதத்தில் நல்லதாக ஒரு வார்த்தை எழுதியிருக்கிறான் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நானோ அது ஏன் ஆச்சரியமாக இருக்க வேண்டும் என்று குமுறிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. ஊரெல்லாம் இரண்டு நிறக் கொடி பறந்தது. மேடைக்கு மேடை சாதியை ஒழிப்போம், ஏழைகளை வாழ வைப்போம் என்று அருமையான தமிழில் பேசினார்கள். நானும் கூட்டத்தில் நின்று கை தட்டியவள்தான். ஒரு வருடத்துக்குள் எங்கள் பண்ணையாரும் கரைவேட்டிக்கு மாறினார். சன்னதை வாங்கியவரின் பேரன் அவர். இன்னொரு பக்கம் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கம் வலுத்துக்கொண்டிருந்தது. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதும், தடுப்பவர்களைப் போலீஸ் அடிப்பதும் வழக்கமாயின. தெற்கே நாகைப் பக்கத்தில் ஓர் ஊரில் குடிசைக்குள் ஆட்களை வைத்துக் கொளுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் வாய் விட்டுப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. உழுகிறவர் பேர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலத்திலிருந்து அவரை எளிதில் வெளியேற்ற முடியாது. தனித் தாசில்தார் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். நான் அப்போது ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன். மனுவை நானே எழுதினேன். அப்பாவும் அம்மாவும் நானும் போனோம். பண்ணையின் காரியஸ்தர் எங்களுக்கு முன்பே வந்து தாசில்தார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தாசில்தார் மனுவைப் பார்த்துவிட்டு, "நிலம் யாருடையது?" என்று கேட்டார்.

அப்பா கை கட்டி நின்றார். ஆனால் குரல் கட்டவில்லை. "எங்களுதுங்க அய்யா."

"உங்களுதா? குத்தகைக்காரர்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"அது எம் பொண்ணு எழுதுனதுங்க. எங்க தாத்தாவுக்குச் சர்க்காரு குடுத்த நெலங்க அது. பர்மாவுல வெரல விட்டுட்டு வந்தவருங்க."

காரியஸ்தர் சிரித்தார். "வெரலு போனதுக்கெல்லாம் வேலி கணக்குல நெலம் குடுத்தா ஊரு தாங்குமா? இவங்க பண்ணையாளுங்க சார். கூலிக்கு உழுறவன். குத்தகையும் இல்ல, மண்ணும் இல்ல."

தாசில்தார் கெட்டவர் இல்லை. அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "இந்தாங்க, என்கிட்ட இருக்கிறது குத்தகைப் பதிவேடு. சொந்த நிலம்னா நீங்க கோர்ட்டுக்குப் போகணும். குத்தகைன்னு கையெழுத்துப் போட்டா நான் விசாரிச்சு உங்க பேர ஏத்தலாம். எது வேணும், சொல்லுங்க."

நான் அப்பா காதோடு, "போட்டுடுப்பா" என்றேன்.

"குத்தகைன்னு எழுதுனா எங்க தாத்தா பொய்யாப் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போய்விட்டார்.

என் ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? காரியஸ்தர் மேல் ஆத்திரம், தன் நிலத்துக்குத் தானே குத்தகைக்காரன் என்று ஒருவனைச் சொல்ல வைக்கும் சட்டத்தின் மேல் ஆத்திரம், எல்லாவற்றையும்விட அப்பா மேல் ஆத்திரம். அம்மா எனக்கு முன்னால் போய் மேசையருகே நின்றார்.

"எம் பேருல எழுதுங்கய்யா. நான் வைக்கிறேன் கைநாட்டு."

"நீங்களா உழுறீங்க?"

"நடவு நான், களை நான், கருதறுப்பு நான். ஏரு பிடிக்கிறது மட்டுந்தான் அவரு. அது வருசத்துல பத்து நாளு. மிச்ச நாளெல்லாம் யாரு பாக்குறா? எனக்குத் தாத்தன் யாரும் சண்டைக்குப் போவல. நான் பொய்யாப் போறதுக்கு ஒண்ணுமில்ல."

காரியஸ்தர் எழுந்தார். "பொம்பள பேர்ல குத்தகையா? சார், இந்த அம்மா கூலிக்கு வர்றது."

தாசில்தார் காரியஸ்தரிடம், "சரி, அந்த நிலத்துக்கு நாலு எல்லை சொல்லுங்க" என்றார்.

காரியஸ்தர் வடக்கே வாய்க்கால் என்றார், கிழக்கே வடிகால் என்றார். தெற்கே என்ன என்று தெரியவில்லை. "கணக்குல இருக்கு சார்."

அம்மா மடமடவென்று சொன்னார். தெற்கே லுத்தரன் கோயில் மானியம், மேற்கே வரப்பு, அந்த வரப்பில் மூன்று பனை, ஒன்று இடி விழுந்து மொட்டை. "கெழக்கு மூலையில எறங்குனா இடுப்பு வரைக்கும் உள்வாங்கும். அங்க மாட்ட விடக்கூடாது, கையாலதான் கொத்தணும். நடுவுல ஒரு பாய் அளவுக்கு இன்னமும் உப்பு. அங்க நாத்து ரெண்டு தடவ நடணும். இவர எறங்கச் சொல்லுங்கய்யா, எது உப்பு எது சேறுன்னு அவரு காலுக்குத் தெரியுதான்னு பாப்போம்."

முகாமில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். தாசில்தார் அம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டு, விசாரணை செய்து உத்தரவு அனுப்புவதாகச் சொன்னார்.

அப்பா அம்மாவிடம் ஒரு மாதம் பேசவில்லை.

உத்தரவு வருவதற்குள் தை பிறந்தது. சம்பா பழுத்து நின்றது. ஒருநாள் காலையில் பண்ணையார் இரண்டு லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் வயல் வரப்பில் இறக்கினார். கூடவே போலீஸ் வேன். அம்மாவும் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் வயலுக்குள் இறங்கிக் கதிருக்கு நடுவே நின்றார்கள். அப்பா மாயவரத்துக்குப் போயிருந்தார். நான் வரப்பில் நின்றேன்.

இன்ஸ்பெக்டர் மூன்று முறை வெளியே வரச் சொன்னார். அம்மா, "நட்டது நான். அறுக்குறதும் நாந்தான். அறுத்து முடிச்சுட்டு வர்றேன்" என்றார். பெண் போலீஸ் யாரும் இல்லை. ஆண் போலீஸ்காரர்கள்தான் இறங்கினார்கள். அம்மாவைத் தலைமயிரைப் பிடித்து, சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். தடுக்க ஓடிய என்னைத் தடியால் தோளில் அடித்தார்கள். வேனில் ஏற்றும்போது அம்மாவின் புடவை முழுக்கச் சேறு, உடைந்த கதிர். பண்ணையார் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு வெளியூர் ஆட்களிடம், "ம், ஆரம்பிங்க" என்றார். பிற்பகலுக்குள் ஆறு மாவும் மொட்டையானது. கட்டுகள் பண்ணைக் களத்துக்குப் போயின.

அம்மாவையும் மற்ற பெண்களையும் பதினைந்து நாள் ரிமாண்டில் வைத்தார்கள். அத்துமீறி நுழைந்து பயிரைத் திருட வந்தார்கள் என்பது வழக்கு. திருட என்றுதான் எழுதினார்கள்.

அந்த வாரமே கடைத்தெருவில் ஒரு பொதுக்கூட்டம். வேண்டுமென்றேதான் போனேன். பண்ணையார் மேடையில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "உழைப்பவனுக்கே உரிமை என்று சொல்கின்ற ஆட்சி இது" என்று முழங்கினார். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். அப்போது நான் ஒரு கல்லை எடுத்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. சத்தம் போட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. தோள் வலித்தது, அழுகை வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

சிறையில் அம்மாவைப் பார்க்க அப்பாவோடு நானும் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா இளைத்திருந்தார். அப்பா, "குத்தகைன்னு எழுதுனது தப்புதான். ஆனா நீ நெல்லுல நின்னது தப்பில்ல" என்றார்.

"ரெண்டுல ஒண்ண மட்டும் எடுத்துக்க முடியாதுங்க" என்றார் அம்மா. "எழுதுனதாலதான் நின்னேன்."

அப்பா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

சித்திரையில் உத்தரவு வந்தது. ஆறு மாவுக்கும் குத்தகைக்காரர் என்று அம்மாவின் பேர் பதிவாகியிருந்தது. பண்ணையார் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாகப் போய்ப் பார்த்தார். அம்மாவின் பேரை அகற்ற முடியவில்லை. திருட்டு வழக்கு எப்படியோ நீர்த்துப்போனது. கொண்டுபோன நெல் கொண்டுபோனதுதான். அடுத்த குறுவைக்கு அம்மா நாற்று விட்டபோது யாரும் தடுக்க வரவில்லை. ஊரில் எல்லோரும் எங்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்றார்கள். எங்கள் நிலத்தை எங்களையே குத்தகைக்கு உழ விட்டது நியாயமாம்.

நான் கும்பகோணத்தில் ஆசிரியை வேலைக்குப் போய், அங்கேயே காலம் ஓடிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அந்த உத்தரவைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு நான் பழைய நிலப் பதிவேடுகளைத் தேடி அலைந்தேன். மனு மேல் மனு போட்டு, இரண்டு வருடம் கழித்து, தூசி படிந்த ஓர் அறையில் எங்கள் ஊர் அளவைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறு மாவுக்கு எதிரே அப்பாவின் தாத்தா பேர் அழகான கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில், பட்டாளத்தில் இருந்தவர் என்றும் இருந்தது. அந்தப் பேர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. மேலே பண்ணையார் பேர். குறிப்புப் பகுதியில், வாரிசு மனமொப்பி விட்டுக்கொடுத்தபடியால் மாற்றப்பட்டது என்று எழுதி, கீழே ஒரு கைநாட்டு.

மனமொப்பி.

எழுத்தரிடம், "அந்த வாரிசுக்கு அப்போ பதினாலு வயசு" என்றேன்.

"பழைய கதை மேடம். இப்ப அதக் கிளறி என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"நகல் குடுங்க" என்றேன்.

அம்மாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். கண் மங்கிவிட்டது. வாசித்துக் காட்டினேன். "அப்ப ஒங்கப்பன் அந்தத் தாசில்தாருகிட்ட சொன்னது அத்தனையும் நெசம். ஒரு தடவ கூட நான் அப்படி அவருகிட்டச் சொல்லல" என்றார். பிறகு, "அந்தக் கைநாட்டு எவ்வளவு பெருசு இருக்கு?" என்று கேட்டார்.

"சின்னதா இருக்கும்மா."

"சின்னப் புள்ளக் கையி" என்றார்.

பட்டாவை மாற்றித் தரச் சொல்லி அம்மா பேரில் மனுப் போட்டேன். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆவணம் உண்மையானதே, ஆயினும் கோரிக்கை காலங்கடந்தது, நிராகரிக்கப்படுகிறது. பண்ணையின் பேரப்பிள்ளைகள் இன்று சென்னையில் இருக்கிறார்கள். அந்த ஆறு மா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பட்டா அவர்கள் பேரில்தான் இருக்கிறது. என் தம்பி உழுகிறான்.

அம்மா போன வருடம் தவறிவிட்டார். குத்தகைப் பதிவைத் தம்பி பேருக்கு மாற்றியாகிவிட்டது. மேல்முறையீட்டு மனுவை நான் என் பேரில் போட்டேன். அதை வாங்கிக்கொண்ட இளம் அதிகாரி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வயசுல இவ்வளவு கோவமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"திருத்தித் தரட்டுமா?" என்றேன்.

"இல்ல, இருக்கட்டும்" என்று சொல்லி முத்திரை போட்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.